ஜாவா மொழி ஏன் ஆட்சி மொழி ஆகவில்லை?

இந்தோனேசியாவில் 700-க்கும் மேற்பட்ட மொழிகள் உண்டு. டச்சு ஆட்சியில் 1930-இல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கில் ஜாவா இனத்தவர் மட்டுமே கிட்டத்தட்டப் பாதி. பழைய இலக்கியம், தனி எழுத்து, அரண்மனைகளின் ஆதரவு என எதிலும் அவர்கள் மொழிக்குக் குறைவில்லை. தலைகளை எண்ணித்தான் ஆட்சி மொழி என்றால் வேறு பேச்சே எழுந்திருக்காது. ஆனால் 1945 அரசமைப்பின் 36-ஆம் பிரிவு அரசின் மொழியாக அறிவித்தது இந்தோனேசிய மொழியை. அதன் அடிப்படை மலாய். சுமத்ராவின் கிழக்கிலும் ரியாவு தீவுகளிலும் வேறு சில கரையோரங்களிலும் சிறுபான்மையினர் வீட்டில் பேசிய மொழி அது.

வீட்டுக்கு வெளியேதான் மலாய் பெரியது. பல நூற்றாண்டுகளாகத் துறைமுகங்களில் சரக்கும் விலையும் பேசப்பட்டது அதில்தான். டச்சுக்காரர்களும் தங்கள் மொழியைப் பரவலாகக் கற்றுத்தராமல் மலாயை வைத்தே கீழ்மட்ட நிர்வாகத்தை ஓட்டினார்கள்.

ஜாவா மொழியில் இன்னொரு சிக்கல். நமக்கு ‘நீ’, ‘நீங்கள்’ மாறினால் போதும். அங்கே சொற்களே மாறும். ‘சாப்பிடு’ என்பதற்குச் சமமானவரிடம் ‘மங்கான்’, மரியாதையாகப் பேசும்போது ‘நெடா’, பெரியவர் சாப்பிடுவதைச் சொல்ல ‘டஹார்’. வாயைத் திறந்ததுமே யார் மேல், யார் கீழ் என்று தெரிந்துவிடும். குடியரசு கேட்ட இளைஞர்களுக்கு இது ஒத்துவருமா?

1928 அக்டோபர் 28 அன்று பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) கூடிய இளைஞர் மாநாடு ஒரே தாயகம், ஒரே தேசம் என்று உறுதி எடுத்தது. ஒற்றுமைக்கான மொழி இந்தோனேசிய மொழி என்றது. ஜாவாக்காரர்களும் அதை ஏற்றார்கள். என் பார்வையில் மொத்தக் கதையின் அச்சாணி இதுதான். தேர்வும் அரசு வேலையும் எந்த மொழியில் என்பதே ஆட்சி மொழிச் சண்டைகளின் உள்ளடக்கம். மலாய் வந்ததால் ஜாவாக்காரர், சுண்டானியர், பாலித்தீவினர் எல்லாருமே பள்ளிக்கூடம் போய்த்தான் அதைப் படிக்க வேண்டியிருந்தது. பெரிய இனம் எதற்கும் பிறவிச் சலுகை கிடைக்கவில்லை.

1942-இல் வந்த ஜப்பானியர்கள் டச்சு மொழியைத் தடைசெய்தார்கள். அலுவலகமும் பள்ளியும் ஒரேயடியாக இந்தோனேசிய மொழிக்கு மாறின. கலைச்சொற்கள் அவசரமாக உருவாயின. விடுதலை வந்தபோது மொழி தயாராக இருந்தது.

இதற்கு விலையும் உண்டு. நகரங்களில் ஜாவாக்காரர்களின் பிள்ளைகளே இப்போது வீட்டில் இந்தோனேசிய மொழி பேசுகிறார்கள். சிறிய மொழிகளின் நிலை இன்னும் மோசம்.

பொது மொழி என்ற பெயரும் எல்லா இடத்திலும் செல்லாது. 1975-இல் இந்தோனேசியா கிழக்குத் திமோரைப் படையெடுத்துப் பிடித்தது. பள்ளிகளில் போர்ச்சுகீசியம் போய் இந்தோனேசிய மொழி வந்தது. அங்கே அது ஆக்கிரமிப்பாளரின் மொழி. 2002-இல் விடுதலை பெற்ற திமோர், தேத்தும் மொழியோடு, மக்களில் சிறு பகுதியினரே அறிந்திருந்த போர்ச்சுகீசியத்தையும் ஆட்சி மொழியாக்கியது. ஆனால் ஒரு தலைமுறையே இந்தோனேசிய மொழியில் படித்திருந்ததே! அதனால் தேவைப்படும் காலம்வரை அதையும் ஆங்கிலத்தையும் அலுவலகங்களில் பயன்படுத்தலாம் என்று அரசமைப்பில் ஒரு பிரிவைச் சேர்க்க வேண்டியதாயிற்று.