வெளிப்பொருத்து மோட்டாரில் ஸ்பார்க் பிளக் சேதத்தைக் கண்டறிதல்

படகின் பின்பலகையில் மாட்டப்படும் இருவீச்சு (டூ ஸ்ட்ரோக்) மோட்டாரில் பெட்ரோலுடன் எண்ணெயும் சேர்ந்தே எரிவதால், ஸ்பார்க் பிளக்கில் படிவு விரைவில் சேர்கிறது. மோட்டார் திணறினால் பிளக்கை மாற்றிவிட்டுக் கடலுக்குப் போவோர் பலர். பழுதின் காரணம் பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கும். அதைக் காட்டுவது கழற்றிய பழைய பிளக்கே.

மோட்டாரைச் சுமையுடன் வேகமாக ஓட்டி, உடனே நிறுத்திப் பிளக்கைக் கழற்ற வேண்டும். நெடுநேரம் மெதுவாக ஓடிய மோட்டாரில் நல்ல பிளக்கும் கறுத்தே காணப்படும்.

நடு மின்முனையைச் சூழ்ந்த பீங்கான் இளம்பழுப்பாக இருந்தால் குறையில்லை. உலர்ந்த கரி, எரிபொருள் மிகுதியைக் காட்டும். எண்ணெய்ப் பிசுக்குடன் கூடிய ஈரக் கறுப்பு, கலவையில் எண்ணெய் கூடியதால் வரலாம்; பல மோட்டார்களுக்கு 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு எண்ணெயே போதும். தீப்பொறி வராத சிலிண்டரிலும் பிளக் நனைந்தே இருக்கும்.

அஞ்ச வேண்டியது வெண்மைக்கே. பீங்கான் வெளுத்துக் கொப்புளித்திருந்தால் சூடு மீறியிருக்கிறது. கார்புரேட்டர் அடைப்பு, குளிர்நீர்ப் பம்பின் தேய்ந்த இறக்கை, பொருந்தாத வெப்ப எண் கொண்ட பிளக் ஆகியவை இதற்குக் காரணமாகலாம். எண்ணெயைப் பெட்ரோலிலேயே கலந்து ஓட்டும் மோட்டாரில் எரிபொருள் வரத்து குறைந்தால் உயவும் குறைந்துவிடும். வெள்ளிப்பொடி போன்ற துகள்கள் ஒட்டியிருந்தால் அவை பிஸ்டனிலிருந்து உருகிய அலுமினியம். புதுப் பிளக் போட்டு மீண்டும் ஓட்டினால் பிஸ்டனில் துளை விழக்கூடும்.

இரு சிலிண்டர் மோட்டாரில் ஒரு பிளக் மட்டும் கழுவியதுபோல் பளிச்சென்றோ துருப்பிடித்தோ இருந்தால், முதலில் ஹெட் கேஸ்கட்டில் நீர்க்கசிவு உள்ளதா எனப் பார்க்க வேண்டும்.