பிரித்துப் பார்க்க முடியாத சுத்தம்

மதுரைக்கு வடக்கே ஆனையூர், ஊமச்சிகுளம், அலங்காநல்லூர்ப் பக்கம் போனால், 'புரை எடுத்து லென்ஸ் வச்சாச்சு' என்று சொல்லும் பெரியவர்கள் எந்தத் தெருவிலும் இருப்பார்கள். அரிசிமணியை விடக் கொஞ்சம் பெரிய அந்த லென்ஸை அவர்கள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அது செய்யப்படும் இடங்களில் ஒன்று, நகரின் கிழக்குப் பக்கம், சிவகங்கை சாலையில் வீரபாஞ்சானில் இருக்கிறது. பெயர் ஆரோலேப். அங்கே உருவாகும் லென்ஸ்கள் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகின்றன. லென்ஸைச் செய்வது இந்தத் தொழிலின் ஒரு பாதிதான். அதை உறையிலிடுவது மறுபாதி. இரண்டாவது பாதியின் அருமை வெளியில் அதிகம் தெரிவதில்லை.

நம் கண்ணுக்கு ஒளியைக் குவிக்கும் திறன் ஏறத்தாழ 60 டயாப்டர். அதில் மூன்றில் இரண்டு பங்கைக் கருவிழிப் படலம் தருகிறது; மீதியைத் தருவது கண்பாவைக்குப் பின்னால் இருக்கும் விழிலென்ஸ். அந்த லென்ஸின் நடுப்பகுதியில் உள்ள புரதங்கள் பிறப்பதற்கு முன்பே உருவானவை, கடைசிவரை மாற்றப்படுவதில்லை. வயது ஏற ஏற அவை ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. முட்டையின் வெள்ளைக்கரு வெந்ததும் வெளுப்பதைப் போல, தெளிவாக இருந்தது மங்கிப்போகிறது. அதுதான் கண்புரை.

புரையை எடுத்துவிடலாம். எடுத்தபின் லென்ஸ் இல்லாத கண்ணுக்கு என்ன செய்வது? ஒரு தலைமுறைக்கு முன்புவரை விடை சோடாபுட்டிக் கண்ணாடி. அதைப் போட்டால் எல்லாமே கால் பங்குக்கு மேல் பெரிதாகத் தெரியும். பக்கவாட்டுப் பார்வை சுருங்கிவிடும். படியில் கால் வைக்கத் தடுமாற்றம் வரும். அந்தக் கண்ணாடி உடைந்துவிட்டால் அறுவை செய்தும் பயனில்லாத நிலைதான்.

இதற்கு மாற்று கண்டவர் லண்டன் மருத்துவர் ஹெரால்ட் ரிட்லி. இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண்ணில் தைத்த, பெர்ஸ்பெக்ஸ் என்ற பிளாஸ்டிக்கின் சில்லுகள் பெரிய தொந்தரவு தராமல் உள்ளேயே தங்கியிருந்ததை அவர் கவனித்தார். 1949 நவம்பர் 29 அன்று, செயிண்ட் தாமஸ் மருத்துவமனையில், அதே வகைப் பிளாஸ்டிக்கில் செய்த லென்ஸை ஒரு நோயாளியின் கண்ணில் பொருத்தினார்.

லென்ஸைக் கண்ணுக்குள் வைக்க வழி பிறந்தது. அதைக் கிருமியில்லாமல் கொண்டுபோக வழி பிறக்கவில்லை. அந்தப் பிளாஸ்டிக் சுமார் 105 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். நீராவி முறைக்கோ 121 டிகிரி வேண்டும். லென்ஸ் வடிவம் கெட்டுவிடும். ரிட்லி செட்ரிமைடு என்ற கிருமிநாசினியைப் பயன்படுத்தினார். லென்ஸில் ஒட்டியிருந்த அதன் மிச்சமே சில கண்களில் அழற்சிக்குக் காரணம் என்று பின்னர் கருதப்பட்டது. அடுத்து, காரக் கரைசலில் ஊறவைத்து, அறுவைக் கூடத்தில் சோடா உப்புக் கரைசலால் காரத்தை முறிக்கும் முறை வந்தது. 1970-களில் அமெரிக்காவில் அந்த முறிக்கும் கரைசலிலேயே பூஞ்சை கலந்து, நோயாளிகளின் கண்கள் பாதிக்கப்பட்டன. லென்ஸில் குறையே இல்லை. அது வந்த வழியில்தான் குறை.

இனி மதுரைக்கு வருவோம். 1976-ல் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். மூட்டுவாதத்தால் விரல்கள் வளைந்துபோன பின்னும் அறுவைசெய்யப் பழகிக்கொண்டவர் அவர். 1990 வாக்கில் இறக்குமதி லென்ஸ் ஒன்றின் விலை சுமார் நூறு டாலர். கண் முகாமுக்கு வரும் விவசாயக் கூலிக்கு அது எட்டாக்கனி. சேவா அறக்கட்டளையைச் சேர்ந்த டேவிட் கிரீன் தொழில்நுட்பம் பெற உதவ, 1992-ல் ஆரோலேப் பிறந்தது. லென்ஸ் விலை பத்து டாலர் அளவுக்கு இறங்கியது; பிறகு இன்னும் குறைந்தது.

அதற்காக எல்லோருக்கும் ஒரே லென்ஸைப் பொருத்திவிட முடியாது. கண்ணின் நீளமும் கருவிழியின் வளைவும் ஆளுக்கு ஆள் மாறும். நெடுங்காலம் புழங்கிய ஒரு கணக்கைப் பாருங்கள். லென்ஸ் பெட்டியில் அச்சிட்டிருக்கும் ஏ-மாறிலி (அந்த லென்ஸ் வகைக்கான எண்) 118 என்று வைத்துக்கொள்வோம். கண்ணின் நீளம் 23.5 மி.மீ.; அதை 2.5-ஆல் பெருக்கினால் 58.75. கருவிழியின் திறன் 44 டயாப்டர், அதை 0.9-ஆல் பெருக்கினால் 39.6. இரண்டையும் 118-லிருந்து கழித்தால் 19.65. ஆக, அந்தக் கண்ணுக்கு 19.5 லென்ஸ். நீளத்தை ஒரு மில்லிமீட்டர் பிசகாக அளந்தால் சுமார் இரண்டரை டயாப்டர் தப்பிவிடும். இன்று இதைவிட நுட்பமான சூத்திரங்கள் வந்துவிட்டன. ஆனாலும் அடிப்படை இதுதான்: அரை டயாப்டர் இடைவெளியில் லென்ஸ்களை வரிசையாகச் செய்து வைத்தால், ஒவ்வொரு கண்ணுக்கும் அளந்து கொடுக்கலாம், ஆயிரக்கணக்கிலும் செய்யலாம். விலை குறைவதும் இதனால்தான்.

வைரமுனை கொண்ட லேத்தில் பிளாஸ்டிக் வில்லையைக் கடைந்து, சுமார் 6 மி.மீ. அகல லென்ஸும் அதைக் கண்ணுக்குள் தாங்கிப் பிடிக்கும் இரு மெல்லிய வளைகரங்களும் எடுக்கிறார்கள். கண்ணாடி மணிகளோடு உருட்டி மெருகேற்றுகிறார்கள். பிறகு ஒவ்வொன்றையும் நுண்ணோக்கியில் சோதிக்கிறார்கள். கீறல் இருந்தால் கண்ணில் படும், கழித்துவிடலாம்.

கிருமி அப்படிக் கண்ணில் படாது. உறையைப் பிரித்துச் சோதித்தால் அந்த லென்ஸ் பயன்படாது. பிரிக்காவிட்டால் உள்ளே இருப்பது தெரியாது. இந்தச் சிக்கலை மருத்துவ உறைத் தொழில் தீர்த்த விதம் வியக்கத்தக்கது. பொருளைச் சோதிப்பதற்குப் பதிலாக முறையைச் சோதிக்கிறார்கள்.

முதலில் உறை. அதன் ஒரு பக்கம் பெரும்பாலும் டைவெக். 1955-ல் டூபாண்ட் ஆய்வுக்கூடத்தில் தற்செயலாகக் கண்ணில் பட்ட பாலிஎத்திலீன் பஞ்சிலிருந்து பிறந்த பொருள் அது. முடியை விட மெல்லிய இழைகள் தாறுமாறாகப் பின்னிக் கிடப்பதால், வாயு உள்ளே போய் வரும். கிருமியோ அந்த வளைந்து நெளிந்த பாதையில் சிக்கிக்கொள்ளும். ஒட்டிய ஓரங்களில் சாயம் விட்டுப் பார்ப்பார்கள். சாயம் ஊடுருவினால் ஒட்டு சரியில்லை என்று பொருள்.

அடுத்து, மூடிய உறைகளைக் கிருமியைக் கொல்லும் எத்திலீன் ஆக்சைடு வாயு அறைக்குள் வைக்கிறார்கள். கூடவே, இந்த வாயுவுக்கு எளிதில் சாகாத பாக்டீரியாவின் வித்துகள் பத்து லட்சம் தடவிய தாள் துண்டுகள். முறையை நிறுவும்போது, பாதி நேரத்திலேயே அந்தப் பத்து லட்சமும் செத்துவிட வேண்டும். நடைமுறையில் முழு நேரம் ஓட்டுவார்கள். முதல் பாதியில் பத்து லட்சத்தில் ஒன்று தப்பியது என்றே வைத்தாலும், மறு பாதியில் அந்த ஒன்றும் பிழைக்கும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று. எந்த உறையையும் பிரிக்காமல் கிடைக்கும் உறுதி இது. பிறகு வாயுவின் மிச்சம் வெளியேறும்வரை காற்றாட வைப்பார்கள். ரிட்லி காலத்து அனுபவம் அதன் தேவையை உணர்த்துகிறது.

உறை எத்தனை ஆண்டு தாங்கும்? 10 டிகிரி கூடினால் வேதி மாற்றத்தின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்ற கணக்கில், 25 டிகிரிக்குப் பதில் 55 டிகிரியில் வைத்தால் முதுமை எட்டு மடங்கு வேகமாக வரும். ஐந்து ஆண்டுகளை ஏழரை மாதத்தில் பார்த்துவிடலாம்.

இத்தனை கவனத்தோடு மூடிய உறை அறுவைக் கூடத்தில் சில நொடிகளில் பிரிந்துவிடுகிறது. நர்ஸ் பெட்டியில் உள்ள பவரை உரக்கப் படிக்கிறார், டாக்டர் சரிபார்க்கிறார். ஒருவர் வெளி உறையை உரிக்க, கையுறை அணிந்தவர் உள்ளே இருப்பதைத் தொடாமல் கருவியால் எடுக்கிறார். உரிக்கும்போது இழை பறக்கக் கூடாது. ஒட்டு பிரிய வேண்டும், கிழியக் கூடாது. பெட்டியில் இருக்கும் ஸ்டிக்கர் நோயாளியின் கேஸ் ஷீட்டிலும் கையில் கொடுக்கும் அட்டையிலும் ஒட்டப்படுகிறது.

விலை குறைந்தால் தரமும் குறையும் என்பது சந்தையின் பொது அனுபவம். வீரபாஞ்சான் அதை மறுத்துக் காட்டியிருக்கிறது. செலவைக் குறைத்தது எண்ணிக்கை. முறையில் ஒரு படிகூடக் குறையவில்லை. குறைந்திருந்தால் ஐரோப்பாவின் சி.இ. முத்திரை அந்த லென்ஸுக்குக் கிடைத்திருக்காது. ஏழைக்குக் கொடுப்பது இரண்டாந்தரமாகத்தான் இருக்கும் என்ற எண்ணத்துக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு லென்ஸ் வைத்திருந்தால் அந்த அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். அதிலுள்ள வரிசை எண்ணைக் கொண்டு, அந்த லென்ஸ் எந்தத் தொகுதியில் கடையப்பட்டது, எந்த நாளில் வாயு அறைக்குள் போனது, அன்று வித்துகள் செத்தனவா என்பதுவரை தொழிற்சாலையின் பதிவேட்டில் தேடி எடுக்கலாம். பிரித்துப் பார்க்க முடியாத சுத்தத்துக்கு அந்தப் பதிவேடுதான் சாட்சி.