தன்னூக்கம்: வினையும் சொல்லும்

மெர்சிங் மாணவர் இடைநிலைப்பள்ளி வேதியியலில் ‘மங்கின்’ என்னும் மலாய்ச் சொல்லைக் கற்கின்றார். அதனைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘வினைவேகமாற்றி’ என்றும், இலங்கை நூல்கள் ‘ஊக்கி’ என்றும் வழங்கும். வினையில் விளையும் பொருளே அவ்வினைக்கு ஊக்கியாவதும் உண்டு. இதற்கு எச்சொல் பொருந்தும்? வினையையே முதலில் நோக்குவோம்.

கந்தக அமிலம் சேர்த்த ஆக்சாலிக் அமிலக் கரைசலில் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை இடுகின்றோம். ஊதா நிறம் முதலில் மெல்ல வெளிறும். பின்னர் விரைந்து மறையும். வினையில் தோன்றும் மாங்கனீசு(2+) அயனியே இதற்குக் காரணம். அவ்வயனிகள் நான்கு ஒரு பெர்மாங்கனேட் அயனியோடு வினைபுரிந்து ஐந்து மாங்கனீசு(3+) அயனிகளைத் தரும். அவ்வைந்தும் ஆக்சலேட்டைக் கார்பன் டைஆக்சைடாக ஆக்சிசனேற்றி மீண்டும் மாங்கனீசு(2+) ஆகும். நான்கு ஐந்தாவதால் வேகம் வளரும். வினைபடுபொருள் தீருங்கால் தணியும். தொடக்கத்திலேயே சிறிது மாங்கனீசு சல்பேட்டு இட்டால் அம்மந்தநிலை நீங்குவது இதற்குச் சான்று.

ஆர்க்கோர்ட்டும் எஸ்சனும் இவ்வினையின் வேகத்தை ஆராய்ந்து 1866இல் வெளியிட்டனர். இத்தகைய நிகழ்வுக்கு ஓசுவால்டு 1890இல் பெயரிட்டார்.

‘வேகமாற்றி’ கூட்டுதல், குறைத்தல் இரண்டையும் குறிக்கும். இங்கு நிகழ்வதோ கூட்டுதல் மட்டுமே. ஆதலின் ‘தன்னூக்கம்’ என்பதே பொருத்தமெனக் கருதுகின்றோம். ஆசிரியர்கள் சோதனையைக் காட்டியபின் இச்சொல்லை மலாய்ச் சொல்லோடு இணைத்துக் கரும்பலகையில் எழுதுவார்களாக.