உங்களுக்குத் தெரியுமா? சுங்கை பினாங்கில் நிழல் மறையும் நாள்

ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரல் 3, 4 வாக்கிலும் செப்டம்பர் 8, 9 வாக்கிலும், பினாங்கு ஜார்ஜ் டவுனிலுள்ள சுங்கை பினாங்கில் நேராக நிற்கும் விளக்குக் கம்பத்துக்கு உச்சிவேளையில் நிழல் விழாது. பூமி 23.4 பாகை சாய்ந்தபடியே சூரியனைச் சுற்றுவதால், நம் கண்ணுக்குச் சூரியன் வடக்கும் தெற்குமாகப் போய்வருகிறது. ஜார்ஜ் டவுன் நிலநடுக்கோட்டுக்கு 5.4 பாகை வடக்கே இருக்கிறது. போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை சூரியன் அதன் தலைக்கு நேர் மேலே வரும். சென்னையில் இதே காட்சி ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில்.

இங்கே உச்சிவேளை 12 மணிக்கு வருவதில்லை என்பதுதான் இன்னும் சுவையான செய்தி. ஏப்ரலில் பிற்பகல் 1.22, செப்டம்பரில் 1.16! மலேசியக் கடிகாரம் 120 பாகை கிழக்குத் தீர்க்கக்கோட்டுக்கு உரியது, பினாங்கோ 100.3 பாகையில் இருக்கிறது. ஒரு பாகை சுழலப் பூமிக்கு 4 நிமிடம் ஆகும். ஏறக்குறைய 20 பாகைக்கு 80 நிமிடம். 1982 ஜனவரி 1-இல் தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்தள்ளிய பிறகே இடைவெளி இவ்வளவு பெரிதானது.

 

அடுத்த ஏப்ரலில் பிள்ளைகளோடு ஒரு போத்தலை வெயிலில் நிறுத்திப் பாருங்கள். நிழலை மட்டும் பாருங்கள்; சூரியனை வெறுங்கண்ணால் பார்க்க வேண்டாம்.