வரைபடம் சொல்லும் போர்க் கதை

போர் வரலாறு வெறும் தேதிப் பட்டியலாகத் தோன்றுகிறதா? வரைபடத்தையும் அளவுகோலையும் எடுங்கள். 1760 ஜனவரி 22-ல் ஆங்கிலத் தளபதி அயர் கூட், பிரெஞ்சுத் தளபதி லாலியை வந்தவாசியில் வென்றார். 1 செ.மீ.க்கு 10 கி.மீ. என்ற அளவுப் படத்தில் அங்கிருந்து புதுச்சேரி ஏறத்தாழ ஆறரை செ.மீ.தான், சில நாள் நடை. ஆனால் நகரம் வீழ்ந்தது 1761 ஜனவரியில். ஏன் ஓராண்டு?

ஆர்க்காடு, காரைக்கால், வில்லியனூர் ஆகிய இடங்களைக் குறியுங்கள். இவை ஒவ்வொன்றாக ஆங்கிலேயர் வசமாயின. மேற்கே நிலவழி அடைபட்டது. கிழக்கே கடலில் ஆங்கிலக் கப்பல்கள். உணவு வரும் வழிகளை மூடத்தான் அந்தக் காலம் தேவைப்பட்டது. தானியம் குறையவே, லாலி நகர மக்கள் பலரை வெளியேற்றினார். இரு படைகளுக்கும் நடுவே அவர்கள் பட்டினியில் தவித்தனர். படத்தில் அந்த இடம் ஒரு புள்ளிதான். அதையும் குறித்துக் கொள்ளுங்கள்.