கடைசி முப்பது அடி: வீட்டுக்குப் பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய்



பட்டர்வொர்த்தில் பெர்ரி ஏறிப் பினாங்குத் துறைமுகத்துக்குப் போகிறவர்கள் கடலைப் பார்ப்பார்கள், கப்பல்களைப் பார்ப்பார்கள். அந்தக் கடலுக்கு அடியில் குடிதண்ணீரும் தீவுக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. ஒரு காலத்தில் தீவுக்கு மலையருவியே கதியாக இருந்தது. தைப்பூசத்துக்குப் போய் வந்தவர்களுக்குத் தண்ணீர்மலை நன்றாகத் தெரியும். அந்தப் பக்கத்து அருவித் தண்ணீர்தான் ஜார்ஜ் டவுன் நகரத்துக்கும், துறைமுகத்தில் வந்து நின்ற கப்பல்களுக்கும் போயிற்று. நகரம் வளர வளர அது போதவில்லை. 1962ஆம் ஆண்டில் ஆயர் ஈத்தாம் அணை கட்டி முடிக்கப்பட்டது. 1973ஆம் ஆண்டு முதல் முடா ஆற்றுத் தண்ணீர் செபராங் பிறையில் சுத்தம் செய்யப்பட்டு, கடலடிக் குழாய் வழியாகத் தீவுக்குச் செல்கிறது. இன்று பினாங்கு மாநிலத்துக் குடிநீரில் பெரும்பகுதி அந்த ஒரே ஆற்றிலிருந்து வருகிறது.

இவ்வளவு தூரம் வந்த தண்ணீர், நம் வீட்டு வாசலுக்கு வந்தபின் கடைசி முப்பது அடியில் வீணாகிப் போவதுண்டு. அந்த முப்பது அடிக் குழாய் பெரும்பாலும் நாம் கடையில் வாங்கி, நாமோ நம் வீட்டுப் பிள்ளைகளோ பொருத்திய பிளாஸ்டிக் குழாய்தான். அதை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிப் பொருத்துவது என்பதையே இன்று பேசப் போகிறோம்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பழைய பைப்படி நினைவிருக்கும். லயத்துக்கு ஒரு குழாய். விடியுமுன் வரிசையில் வாளிகள். பால் வெட்டப் புறப்படும் அம்மா முதல் வாளியைப் பிடித்து வைத்துவிட்டுத்தான் பெரட்டுக்கு ஓடுவார். இன்று நிலைமை மாறியிருக்கிறது. தொழிலாளர் குடியிருப்புக்குப் போதுமான குழாய்த் தண்ணீர் தருவது முதலாளியின் கடமை என்று 1990ஆம் ஆண்டின் 446ஆம் எண் சட்டம் சொல்கிறது. ஆகவே தோட்ட வீட்டில் இருப்பவர்கள், குழாய் உடைந்தால் முதலில் தோட்ட அலுவலகத்தில் சொல்ல வேண்டும். தோட்டத்தை விட்டுத் தாமான் வீட்டுக்கு வந்தவர்களுக்கு மீட்டருக்கு அப்பால் உள்ள குழாய் அவர்கள் பொறுப்பு. மீட்டரையும் அதற்கு முன் உள்ள குழாயையும் யாரும் தொடக்கூடாது. புதிய இணைப்பு வேண்டுமானால் உரிமம் பெற்ற பிளம்பரை அழைக்க வேண்டும். சிறு பழுதுகளையும், சமையலறைக்கு ஒரு கிளைக் குழாயையும் பற்றித்தான் நாம் இங்கே சொல்கிறோம்.

முதலில் இந்தக் குழாய் என்ன பொருள் என்று பார்ப்போம். நாம் பி.வி.சி. என்று சொல்வது பாலிவினைல் குளோரைடு என்னும் பிளாஸ்டிக். இதில் இரண்டு வகை உண்டு. இளக்கும் பொருளைக் கலந்தால் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாய்போல வளையும். கலக்காமல் செய்தால் விறைப்பாக நிற்கும். வீட்டுக் குடிநீருக்கு உதவுவது இந்த விறைப்பான வகை. ஜெர்மனியில் 1930களிலேயே இத்தகைய குழாய்களைப் பதிக்கத் தொடங்கிவிட்டார்கள். இது இரும்பைப்போல் துருப்பிடிப்பதில்லை. இரும்பில் ஐந்தில் ஒரு பங்கு எடைகூட இல்லை. ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் அமிலம் பட்டாலும் அரிப்பதில்லை. ஆனால் இதற்கு மூன்று பகைவர்கள் உண்டு: சூடு, வெயில், கல். இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிது.

கடைக்குப் போகிறோம். நிபோங் திபாலிலோ சுங்கை பாக்காப்பிலோ எந்த ஹார்ட்வேர் கடைக்குப் போனாலும் பார்வைக்கு ஒரே மாதிரியான குழாய்கள் கட்டுக்கட்டாக நிற்கும். ஒன்று குடிதண்ணீருக்கு, ஒன்று கழிவுநீருக்கு, ஒன்று மின்சாரக் கம்பி செல்வதற்கு. விலை குறைவு என்று கழிவுநீர்க் குழாயையோ வயர்க் குழாயையோ வாங்கிவந்து குடிநீருக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவை உள்ளிருந்து வரும் அழுத்தத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. சில வாரம் நிற்கும். ஒருநாள் நள்ளிரவில் வெடிக்கும்.

ஆகவே குழாயின் உடம்பில் அச்சடித்திருப்பதைப் படிக்க வேண்டும். குடிநீருக்கான விறைப்புப் பி.வி.சி. குழாய்க்கு மலேசியத் தர எண் எம்.எஸ். 628. அதோடு சிரிம் முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். குடிநீர்க் குழாய்க்குத் தேசிய நீர்ச் சேவை ஆணையத்தின் அங்கீகாரமும் வேண்டும். கடைக்காரரிடம் கேட்கத் தயங்க வேண்டாம். இதில் உடல்நலமும் அடங்கியிருக்கிறது. முற்காலத்தில் பி.வி.சி. கெட்டுப்போகாமல் இருக்க ஈய உப்பைச் சேர்ப்பது வழக்கம். குழந்தைகள் குடிக்கும் தண்ணீரில் ஈயம் சிறிதும் இருக்கக்கூடாது. எழுத்தே இல்லாத குழாயில் என்ன கலந்திருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. எழுத்தில்லாத குழாயை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அடுத்து வகுப்பு. பிரிட்டிஷ் முறையைத் தழுவிக் குழாய்களுக்கு ஆங்கில எழுத்தால் வகுப்புக் குறிப்பார்கள். சி வகுப்பு 9 பார் அழுத்தத்தையும், டி வகுப்பு 12 பார் அழுத்தத்தையும், ஈ வகுப்பு 15 பார் அழுத்தத்தையும் தாங்கும். ஒரு பார் என்பது ஏறக்குறைய 10 மீட்டர் உயரமுள்ள தண்ணீரின் அழுத்தம். அப்படியானால் டி வகுப்புக் குழாய், 120 மீட்டர் உயரத் தண்ணீரைத் தாங்கும். அது ஜார்ஜ் டவுனில் நிற்கும் கொம்தார் கோபுரத்தின் ஏறக்குறையப் பாதி உயரம்.

"நம் வீட்டுக் கூரைத் தொட்டி பத்தடி உயரம்தானே, இவ்வளவு எதற்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தொட்டியிலிருந்து இறங்கும் குழாய்க்கு அழுத்தம் குறைவுதான். ஆனால் சாலைப் பெருங்குழாயிலிருந்து நேரே வரும் தண்ணீரின் அழுத்தம் பல மடங்கு. குழாயைத் திடீரென்று மூடினால் ஓடிவந்த தண்ணீர் முட்டி மோதி, அந்த ஒரு கணத்தில் அழுத்தம் இன்னும் ஏறும். 'டொக்' என்று சுவருக்குள் சத்தம் கேட்பது அதனால்தான். மேலும் குழாயில் எழுதியிருக்கும் பலம், பொதுவாக 20 டிகிரி வெப்பத்தைக் கணக்கில் வைத்து எழுதியது. நம் நாட்டில் நிழலிலேயே 30 டிகிரியைத் தாண்டுகிறது. சூடு ஏற ஏறப் பலம் குறையும். ஆகவே நேர்த் தண்ணீருக்கு டி அல்லது ஈ வகுப்பை வாங்குவது நல்லது. வெந்நீருக்கு இந்தக் குழாய் உதவாது. 60 டிகிரிக்கு மேல் இது இளகத் தொடங்கும். வாட்டர் ஹீட்டரிலிருந்து வரும் குழாய்க்கு வேறு பொருள் வேண்டும்.

குழாயின் பருமனும் முக்கியம். முக்கால் அங்குலக் குழாய்க்கும் அரை அங்குலக் குழாய்க்கும் கால் அங்குலந்தான் வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் தண்ணீர் போகும் வாயளவு இரண்டு மடங்குக்கு மேல். வீட்டுக்குள் வரும் தாய்க் குழாயை முக்கால் அங்குலமாகவும், ஒவ்வொரு பைப்புக்கும் பிரியும் கிளையை அரை அங்குலமாகவும் வைத்துக்கொண்டால், குளியலறையில் ஒருவர் குளிக்கும்போது சமையலறையில் தண்ணீர் நின்றுபோகாது.

இனிப் பொருத்தும் வேலை. இதில் எல்லாமே இணைப்பில்தான் இருக்கிறது. இணைப்புக்குப் பூசும் பொருளைக் 'கம்' என்று சொல்கிறோம். அது வெறும் பசை அல்ல. இரண்டு பக்கத்துப் பிளாஸ்டிக்கையும் கரைத்து, ஒன்றோடொன்று கலந்து, ஒரே உடம்பாக்கிவிடும் திரவம். அதனால்தான் நன்றாகச் செய்த இணைப்பைப் பிறகு பிரிக்கவே முடியாது. தவறாகப் பொருத்திவிட்டால் வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

குழாயை நேராக வெட்டுங்கள். சாய்த்து வெட்டினால் உட்காரும் இடம் குறையும். வெட்டிய வாயில் ஒட்டியிருக்கும் பிசிரைக் கத்தியால் நீக்கி, வெளி விளிம்பைச் சற்றுச் சரிவாகத் தேய்த்துவிடுங்கள். கம் பூசாமல் ஒருமுறை செருகிப் பார்த்து, எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்று பென்சிலால் கோடு போடுங்கள். பிறகு குழாயின் வெளிப்புறத்தையும் இணைப்பின் உட்புறத்தையும் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, சுத்தமான உலர்ந்த துணியால் துடையுங்கள். ஒரு துளி ஈரமோ எண்ணெயோ இருந்தால் கம் பிடிக்காது. மழைத் தூறலில் இந்த வேலையைச் செய்யக்கூடாது.

கம்மை இணைப்பின் உள்ளே மெல்லியதாகவும், குழாயின் மேல் தாராளமாகவும் பூசுங்கள். உடனே ஒரே மூச்சாகக் கோடு வரை செருகி, அரை நிமிடம் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். வெளியே வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். கம்மின் ஆவி தலைசுற்றலைத் தரும், எளிதில் தீப்பற்றும். சன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். அடுப்பு, சிகரெட், கொசுவத்தி எதுவும் பக்கத்தில் வேண்டாம். குழந்தைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

அதன் பிறகு காத்திருக்க வேண்டும். இதைச் சொல்லும்போது நாமே செய்த ஒரு தவறு நினைவுக்கு வருகிறது. தீபாவளிக்கு முதல் நாள் உறவினர் வீட்டுச் சமையலறைக்குக் குழாய் போட்டோம். வேலை முடிந்தபோது மாலை ஆகிவிட்டது. பலகாரம் சுட வேண்டும், பாத்திரம் கழுவ வேண்டும் என்று அத்தை அவசரப்படுத்தினார். கம் காய்ந்துவிட்டது என்று நினைத்து ஒரு மணி நேரத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டோம். ஒரு சொட்டும் ஒழுகவில்லை. எல்லோரும் மகிழ்ச்சியோடு படுத்தோம். விடியற்காலை எண்ணெய்க் குளியலுக்கு எழுந்தபோது சமையலறையில் கணுக்கால் தண்ணீர்; முறுக்குத் தகரம் மிதந்துகொண்டிருந்தது. இரவில் எல்லா வீட்டிலும் குழாயை மூடிவிடுவதால் அழுத்தம் ஏறும். ஆறாத இணைப்பு அப்போது கழன்றுகொண்டது. மேலே காய்ந்தாலும் உள்ளே காயவில்லை. அன்றிலிருந்து இணைப்பு முடிந்தால் முழுமையாக ஒரு நாள், 24 மணி நேரம், தண்ணீர் விடுவதில்லை. முதல் நாளே வாளிகளில் பிடித்து வைத்துக்கொண்டால் இந்தக் காத்திருப்பு பெரிய கஷ்டமில்லை.

இன்னொரு பழக்கத்தையும் விட வேண்டும். இணைப்புத் துண்டு வாங்கச் சோம்பல்பட்டு, குழாயின் நுனியை நெருப்பில் காட்டி விரித்து இன்னொரு குழாயைச் செருகுகிறார்கள். விரித்த இடத்தில் குழாயின் கனம் குறைந்துவிடுகிறது, அங்கேதான் பிளக்கும். மேலும் பி.வி.சி. கருகினால் வரும் புகையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. மூச்சுக்கு அது கேடு. வெட்டிய துண்டுகளையும் குப்பையோடு எரிக்காதீர்கள்.

குழாயை மண்ணில் பதிப்பதானால் குறைந்தது ஒன்றரை அடி ஆழம் தோண்டுங்கள். லாரியோ காரோ போகும் வழியானால் இன்னும் ஆழம் வேண்டும். அடியில் மணல் பரப்பி, குழாயை வைத்து, மேலும் மணலால் மூடி, அதன் பிறகே மண்ணைப் போடுங்கள். ஒரு கூர்க்கல் குழாயை அழுத்திக்கொண்டே இருந்தால் சில வருடத்தில் துளைத்துவிடும். சுவரில் ஏற்றுவதானால் படுக்கையாகப் போகும் இடத்தில் மூன்றடிக்கு ஒரு பிடி போடுங்கள், இல்லாவிட்டால் தொங்கும். பிடியை நெரித்துவிடாதீர்கள். சூட்டில் குழாய் நீளும். 6 மீட்டர்க் குழாய் 20 டிகிரி சூடேறினால் 8 மில்லிமீட்டர் நீளும். அதற்கு வழி விட வேண்டும். வெயில் படும் இடத்தில் குழாய் நாளடைவில் நொறுங்கும் தன்மை அடையும். தண்ணீரில் கலக்கும் வெள்ளைச் சாயத்தை மேலே பூசிவிட்டால் நெடுநாள் வரும்.

இப்போது சொல்லப் போவது உயிர் சம்பந்தப்பட்டது. பழைய வீடுகளில் மின்சார எர்த் கம்பியை இரும்புத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருப்பார்கள். இரும்பு மின்சாரத்தை மண்ணுக்குக் கடத்தும், பிளாஸ்டிக் கடத்தாது. இரும்பை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் போட்டால் அந்தக் காவல் சத்தமில்லாமல் போய்விடும். பிறகு பழுதான சலவை இயந்திரத்தையோ குளிர்பெட்டியையோ ஈரக்கையால் தொடுகிறவருக்கு ஆபத்து. இரும்புக் குழாயைக் கழற்றுமுன் அதில் கம்பி ஏதும் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பதிவு பெற்ற வயர்மேன் வந்து தனி எர்த் போட்ட பிறகே குழாயை மாற்றுங்கள்.

ஒருநாள் காத்திருந்து தண்ணீரைத் திறக்கும்போது, கடைசியில் உள்ள பைப்பைத் திறந்து வைத்துக்கொண்டு மெதுவாக விடுங்கள். உள்ளே இருக்கும் காற்று வெளியேறட்டும். கம் வாடை போகும்வரை அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள், குடிக்க வேண்டாம். பிறகு எல்லாப் பைப்புகளையும் மூடிவிட்டு மீட்டரைப் பாருங்கள். முள் நகர்ந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று பொருள்.

சொட்டுத்தானே என்று விட்டுவிடக்கூடாது. ஒழுகும் இடத்தில் ஒரு லிட்டர்ப் போத்தலைப் பிடித்துப் பாருங்கள். பத்து நிமிடத்தில் நிறைந்தால் ஒரு நாளைக்கு 144 லிட்டர். மாதத்துக்கு நாலாயிரம் லிட்டருக்கு மேல். அந்தக் காசு நம்முடையது. வெளியே தேங்கும் அந்தத் தெளிந்த தண்ணீரில்தான் டிங்கிக் கொசு முட்டையிடுகிறது. தண்ணீர் நின்றுபோகும் நேரத்தில், வெளியே ஒழுகிய அதே ஓட்டை வழியாகச் சாக்கடை அழுக்கு உள்ளே போகவும் வழியிருக்கிறது.

நேயர்களே, முடா ஆற்றைக் காப்பதும் கடலடிக் குழாயைக் காப்பதும் பெரியவர்கள் பொறுப்பு. கடைசி முப்பது அடி நம் பொறுப்பு. எழுத்தைப் படித்து வாங்குங்கள், துடைத்துப் பொருத்துங்கள், ஒருநாள் காத்திருங்கள். வாளியோடு வரிசையில் நின்று காலத்தைக் கழித்த அம்மாவுக்குச் சமையலறைக்குள்ளேயே சுத்தமான தண்ணீர் வரட்டும்.