வடிகஞ்சிக் குளியல்

மார்கழி, தை மாதங்களில் உங்கள் முன்கையில் நகத்தால் மெல்ல ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். சிலருக்கு அந்த இடத்தில் சாக்கட்டியால் எழுதியதுபோல் வெள்ளைக் கோடு விழும். முழங்காலுக்குக் கீழே சாம்பல் பூத்தாற்போல் தோல் வெளுத்திருக்கும், அரிக்கும். இதைப் பார்த்தவர்கள், "தோலுக்குச் சத்து போதவில்லை. பாலில் குளி, முட்டையைப் பூசு, எலுமிச்சம்பழம் தேய்" என்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். கடைகளிலும் 'ஊட்டம் அளிக்கும்' என்று அச்சிட்ட புட்டிகள் பல கிடைக்கின்றன.

இந்தத் தொல்லைக்கு உதவக்கூடிய ஒரு பொருள் பல வீடுகளில் கொட்டப்பட்டுவிடுகிறது. அதுதான் சோறு வடித்த கஞ்சி. பருத்திச் சேலையை மொடமொடப்பாக்கும் அதே கஞ்சிதான். அது தோலுக்கு எப்படி உதவும்? அதைத் தெரிந்துகொள்ள, முதலில் வேறொரு கேள்விக்கு விடை காண வேண்டும்.

தோல் சாப்பிடுமா?

சாப்பிடாது. நாம் தொட்டுப் பார்க்கும் தோலின் மேல்பரப்பு இறந்த செல்களால் ஆனது. உடலின் பெரும்பாலான இடங்களில் இதன் தடிமன் 0.01 முதல் 0.02 மில்லிமீட்டர்தான். இறந்த செல்லுக்குப் பாலைக் கொடுத்தாலும் பயனில்லை, பழச்சாற்றைக் கொடுத்தாலும் பயனில்லை. இதன் அடியில் உள்ள உயிருள்ள செல்களுக்கு வேண்டிய உணவை, நீங்கள் உண்ணும் சாப்பாட்டிலிருந்து இரத்தம் கொண்டுவந்து தருகிறது. ஆகவே தோலுக்கு ஊட்டம் போகும் வழி வாய்தான். குளியல் வாளி அல்ல.

அப்படியானால் குளியலால் தோலுக்கு நன்மையே இல்லையா? உண்டு. அது ஊட்டம் சார்ந்ததல்ல, காவல் சார்ந்தது.

செங்கல்லும் சாந்தும்

தோலின் மேலடுக்கைச் செங்கல் சுவரோடு ஒப்பிடுவார்கள். அமெரிக்கத் தோல் மருத்துவ அறிஞர் பீட்டர் எலியாஸ் 1983-இல் விளக்கிய ஒப்புமை இது. தட்டையான இறந்த செல்கள் செங்கற்கள். அவற்றின் இடையே உள்ள செராமைடு, கொலஸ்டிரால், கொழுப்பு அமிலங்கள் ஆகியவை சாந்து. இந்தச் சுவர் வெளியிலுள்ள கிருமிகளையும் வேதிப்பொருள்களையும் தடுக்கிறது; உள்ளேயுள்ள நீர் ஆவியாகிப் போய்விடாமலும் காக்கிறது. அப்படிக் காத்தும், வியர்வை கண்ணுக்குத் தெரியாத நிலையிலேயே, நாள் ஒன்றுக்குச் சுமார் 300 முதல் 400 மில்லிலிட்டர் நீர் தோல் வழியே கசிந்து ஆவியாகிறது. சாந்து கரைந்தால் இந்தக் கசிவு கூடும். தோல் வறண்டு வெடிக்கும். நகத்தால் இழுத்ததும் வெள்ளைக் கோடு விழக் காரணம் இதுதான். உலர்ந்து தளர்ந்த செங்கற்கள் பெயர்ந்து நிற்கின்றன.

சாந்தைக் கரைப்பவை எவை? ஒன்று, சோப்பு. சட்டையில் உள்ள எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கும் அதே குணத்தால் தோலின் கொழுப்பையும் அது எடுத்துவிடுகிறது. மேலும், நலமான தோல் சற்று அமிலத் தன்மை கொண்டது, அதன் பி.எச். எண் ஏறத்தாழ 5. சாதாரண சோப்பு நுரையின் பி.எச். எண் 9 முதல் 10 வரை. இரண்டாவது, அதிகச் சூடான நீர். மூன்றாவது, நெடுநேரம் ஊறுதல். செல்களுக்குள் நீரைப் பிடித்து வைக்கும் யூரியா, அமினோ அமிலங்கள் போன்றவை ஊறும்போது கரைந்து வெளியேறுகின்றன. நீரில் ஊறிய தோல் பிறகு முன்னைவிட வறண்டு போவது இதனால்தான்.

பிரஸ்ஸல்ஸில் ஒரு சோதனை

பெல்ஜியம் நாட்டின் பிரஸ்ஸல்ஸ் நகர ஆய்வாளர்கள் 2002-இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். நலமாக உள்ளவர்களின் தோலில் சோடியம் லாரில் சல்பேட் என்ற நுரைப்பொருளை வைத்து அந்தத் தோலைச் சற்றே சேதப்படுத்தினார்கள். பல ஷாம்புகளிலும் பற்பசைகளிலும் உள்ள பொருள்தான் இது. பிறகு அரிசி மாச்சத்து கலந்த நீரில் நாளைக்கு இரண்டு வேளை, வேளைக்கு 15 நிமிடம் ஊற வைத்தார்கள். தோலிலிருந்து ஆவியாகும் நீரைக் கருவியால் அளந்தபோது, சேதமடைந்த தோல் சீராகும் திறன் சுமார் 20 சதவீதம் கூடியிருந்தது. கரப்பான் நோய் உள்ளவர்களின் தோலிலும் முன்னேற்றம் தெரிந்தது.

மாச்சத்து தோலுக்குள் புகுந்து இதைச் செய்யவில்லை. 500 டால்டனுக்கு மேல் எடையுள்ள மூலக்கூறுகள் நலமான தோலைக் கடப்பது அரிது. மாச்சத்தின் மூலக்கூறு எடையோ லட்சக்கணக்கில் இருக்கும். அது மேலேதான் படிகிறது. வேலியில் ஓட்டை விழுந்தால் மேலே முள்ளை வைத்து அடைப்பதுபோல, ஒரு மெல்லிய படலம் தற்காலிகக் காவலாக நிற்கிறது என்று கொள்ளலாம். இது ஓர் ஆய்வுதான் என்பதையும் மறக்க வேண்டாம். எல்லாத் தோல் நோய்க்கும் கஞ்சி மருந்தாகிவிடாது.

தயாரிக்கும் முறை

குக்கரில் சோறு ஆக்கும் வீடுகளில் வடிகஞ்சி கிடைக்காது. அங்கே ஒரு கைப்பிடி அரிசியைக் கழுவி, ஒரு லிட்டர் நீரில் உப்புப் போடாமல் குழைய வேகவைத்து, நீரை இறுத்துக்கொள்ளலாம். மெல்லிய துணியில் வடிகட்டி, நன்றாக ஆறவிடுங்கள். கொதிக்கும் கஞ்சியைப் பெரியவர்கள் வடிக்கட்டும். கஞ்சி நீரைவிட அதிக நேரம் தோலில் ஒட்டிச் சுடும்.

நம் வீடுகளில் உடல் முழுதும் ஊறத் தொட்டி ஏது? கவலை இல்லை. அதிகம் வறளும் கைகால்களை ஊறவைத்தால் போதும். அகலமான பேசினில் 4 லிட்டர் வெதுவெதுப்பான நீர் எடுத்து, அரை லிட்டர் கஞ்சி சேருங்கள். நீரின் வெப்பம் 37 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டாம். முழங்கையை வைத்துப் பார்த்தால் சூடும் தெரியக்கூடாது, குளிரும் தெரியக்கூடாது. 10 முதல் 15 நிமிடம் ஊறியபின், துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். ஈரம் முழுதும் காய்வதற்குள் தேங்காய் எண்ணெயை மெல்லியதாகத் தடவுங்கள்.

எண்ணெயைக் குளிக்கும் நீரிலேயே ஊற்றிவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கரப்பான் உள்ள 482 குழந்தைகளிடம் இதற்கு இணையான கேள்வி ஆராயப்பட்டது. 2018-இல் வந்த முடிவு: குளியல் நீரில் கலக்கும் எண்ணெய்ப் பொருள்களால், வழக்கமான பூச்சுகளுக்கு மேல் கூடுதல் பயன் தென்படவில்லை. எண்ணெயைத் தோலிலேயே பூசுவது மேல்.

கஞ்சியை அன்றன்று பயன்படுத்துங்கள். கொதித்த நீரிலும் சாகாத சில பாக்டீரிய வித்துகள், ஆறிய கஞ்சியில் முளைத்துப் பெருகும். ஊறி முடித்ததும் தரையைக் கழுவிவிடுங்கள். கஞ்சி சிந்திய தரை வழுக்கும்.

சேர்க்கக் கூடாதவை

எலுமிச்சம்பழச் சாறு வேண்டாம். அது கடும் அமிலம். தோலில் எலுமிச்சை இருக்கும்போது வெயில் பட்டால் கொப்புளம் எழக்கூடும். சமையல் சோடாவும் வேண்டாம். அது காரத்தன்மை உள்ளது. பால், முட்டை, கோதுமை, கடலை போன்ற உணவுப் பொருள்களையும் வெடித்த தோலில் பூசாதீர்கள். ஜப்பானில் கோதுமைப் புரதம் சேர்த்த முகச் சோப்பு ஒன்று விற்கப்பட்டது. அதைப் பூசியவர்களில் 2,000-க்கும் மேற்பட்டோருக்குக் கோதுமை ஒவ்வாமை ஏற்பட்டது. அதுவரை ரொட்டியைத் தொல்லையின்றித் தின்றவர்களில் சிலர், பிறகு தின்றதும் மூச்சுத்திணறி விழுந்தார்கள். 2011-இல் அந்தச் சோப்பு திரும்பப் பெறப்பட்டது. சேதமடைந்த தோலின் வழியே நுழையும் உணவுப் புரதத்தை உடல் பகையாகக் கருதிவிடுவது உண்டு. 'இயற்கையானது, ஆகவே தீங்கற்றது' என்ற வாதம் எவ்வளவு பலவீனமானது, பாருங்கள்.

கஞ்சியிலும் சிறிதளவு புரதம் உண்டு. ஆகவே முதலில் முன்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். அரிசி ஒவ்வாதவர்கள் இதில் இறங்க வேண்டாம். சீழ், புண், படர்தாமரை இருந்தால் மருத்துவரிடம் செல்லுங்கள். மருத்துவர் கொடுத்த களிம்பைக் கஞ்சியை நம்பி நிறுத்தாதீர்கள்.

நீங்களே சோதியுங்கள்

ஒரு துளி அயோடின் கரைசலைக் கஞ்சியில் விடுங்கள். கருநீலமாக மாறினால் மாச்சத்து இருக்கிறது. இனி முக்கியமான சோதனை. இடது காலைக் கஞ்சி நீரிலும், வலது காலை அதே வெப்பமுள்ள வெறும் நீரிலும், ஒரே நேரம் ஊறவையுங்கள். இரண்டு கால்களிலும் ஒரே அளவு எண்ணெய் தடவுங்கள். இதைத் தொடர்ந்து 7 நாள் செய்யுங்கள். எந்தக் கால் எந்த நீரில் ஊறியது என்று அறியாத நண்பரிடம் காட்டி, எதில் வெள்ளைக் கோடு குறைவாக விழுகிறது என்று கேளுங்கள். ஏன் அறியாதவர்? தெரிந்தவருக்குக் கஞ்சிக் காலே பளபளப்பாகத் தோன்றும்! வகுப்பில் பத்துப் பேர் சேர்ந்து செய்து, விடைகளைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். எல்லோருமே இடது காலில் கஞ்சியை வைக்காமல், நாணயத்தைச் சுண்டிப் போட்டு முடிவு செய்வது நல்லது.

இரண்டு கால்களுக்கும் வேறுபாடே தெரியாமலும் போகலாம். அப்படி வந்தால் அதை அப்படியே எழுதுங்கள். அடுத்த முறை 'ஊட்டம் தரும்' என்று எழுதிய புட்டி கண்ணில் பட்டால், அதையும் இவ்வாறே சோதிக்க உங்களுக்கு இப்போது வழி தெரியும்.